நூற்றுக்கு ஏழு

அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டால் நானும் உட்கார்ந்துகொள்வேன். ஆமாம், போதும், எனக்கு இவ்வளவு இடம் போதும். திருநெல்வேலிக்குத்தானே போகிறீர்கள்? நானும் அங்கேதான், பெரியாஸ்பத்திரிக்கு. எனக்கு ஒன்றும் இல்லை, நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

பரீட்சைத் தாள் திருத்துகிறீர்கள். ஏறும்போதே உங்கள் முகத்தைப் பார்த்து நினைத்தேன், கணக்கு டீச்சர்தான் என்று. நெற்றியில் அந்த மாதிரிச் சுருக்கம் கணக்கு டீச்சர்களுக்குத்தான் விழும்.

இல்லையா? தமிழா?

சரி, தமிழ் என்றாலும் படித்தவர்தானே. ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். நூற்றுக்கு ஏழு என்றால் பெரிதா, சின்னதா? மார்க்கைச் சொல்லவில்லை. நூறு தடவை சீட்டுக் குலுக்கிப் போட்டால் ஏழு தடவை சும்மாவே இப்படி வந்திருக்கும் என்று ஒருவர் சொன்னால், அந்த ஏழு பெரிதா, சின்னதா? ஐந்து என்றால் சரியாம். ஏழு என்றால் சரியில்லையாம். நடுவில் இருக்கிற அந்த இரண்டுக்காக மூன்று வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீங்கள் திருத்துங்கள். நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு வருகிறேன், கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி. இதை இன்னும் ஒரு மணி நேரத்தில் நான் ஒருத்தியிடம் சொல்லியாக வேண்டும். வாயிலிருந்து வருகிறதா என்று முதலில் உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன். உங்களை இனிமேல் நான் பார்க்கப்போவதில்லை, அதனால்தான்.

என் பெயர் குருவம்மா. ஐந்தாவது வரைக்கும் படித்தேன். அதற்குமேல் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆபீஸ் என்றதும் மேசை, நாற்காலி என்று நினைத்துவிடாதீர்கள், தீப்பெட்டி செய்கிற இடத்துக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் ஊர் பால்வாடியில் ஆயா வேலை கிடைத்தது. பத்தொன்பது வருஷம் ஆகிறது. வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வருவேன், சோறு ஆக்குவேன், கால் கழுவி விடுவேன், தூங்க வைப்பேன். பிரேமா டீச்சர் என்று ஒருவர் இருக்கிறார். அவர் எழுதுவார், நான் செய்வேன். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வரப்போகிறது என்பது அதைப் பெற்றவளுக்கு நாளைக்குத்தான் தெரியும், எனக்கு இன்றைக்கே தெரியும். கண்ணைப் பார்த்தால் போதும். ஊரில் எல்லோரும் அதைச் சொல்வார்கள். அதைத்தான் நானும் நம்பினேன்.

போன ஜூன் மாதம் ஜெசிந்தா வந்தாள். தூத்துக்குடிப் பிள்ளை, இருபத்தாறு வயது இருக்கும். சாப்பாட்டில் இருக்கிற சத்தைப் பற்றிப் பெரிய படிப்புப் படிக்கிறாள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ரத்தம் குறைவு என்று பார்த்து, பொரிகடலை மாவும் கருப்பட்டியும் சேர்த்து ஓர் உருண்டை செய்திருந்தாள். உள்ளே இரும்புச் சத்து மருந்து. தினம் ஒன்று, நாலு மாதம். அதில் பலன் இருக்கிறது என்று காட்டிவிட்டால் எங்கள் வட்டாரத்தில் இருக்கிற எல்லாப் பால்வாடிக்கும் கொடுக்க ஏற்பாடு செய்கிறேன் என்று அதிகாரி அம்மா ஒருவர் சொல்லியிருந்தார்.

காட்டிவிட்டால் என்றார். அந்த வார்த்தையை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

நான் என்ன நினைத்தேன்? எல்லாப் பிள்ளைக்கும் கொடுப்பாள், ரத்தம் ஊறும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அவள் அப்படிச் செய்யவில்லை. பக்கத்துக் காலனி பால்வாடியில் கூரை பெயர்ந்து விழுந்ததால் அந்தப் பிள்ளைகளும் அப்போது எங்களோடுதான் இருந்தார்கள், மொத்தம் நாற்பத்துநாலு. எல்லோர் பேரையும் சீட்டில் எழுதி, ஒரு பவுடர் டப்பாவில் போட்டுக் குலுக்கி, பிள்ளைகளின் அம்மாக்களையே எடுக்கச் சொன்னாள். இருபத்திரண்டு பேருக்குச் சிவப்புக் காகிதம் சுற்றின உருண்டை. இருபத்திரண்டு பேருக்கு மஞ்சள் காகிதம் சுற்றின உருண்டை. ஒன்றில் மருந்து இருக்கும், மற்றதில் மாவும் கருப்பட்டியும் மட்டும். எதில் எது என்று எனக்குத் தெரியாது, டீச்சருக்குத் தெரியாது, கொண்டுவந்து கொடுக்கிற ஜெசிந்தாவுக்கே தெரியாதாம். அவளுடைய காலேஜில் யாரோ கலந்து சுற்றி, ஒரு கவரில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறார்களாம். எல்லாம் முடிந்த பிறகுதான் பிரிப்பார்களாம்.

பாதிப் பிள்ளைகளுக்கு மருந்து கிடையாதா தாயி என்று கேட்டேன். முடிந்த பிறகு அவர்களுக்கும் நாலு மாதம் கொடுப்பேன் ஆயா என்றாள். கொடுப்பவள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் சோகை பிடித்த பிள்ளையை முன்னால் வைத்துக்கொண்டு பிறகு என்று சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்?

இன்னொன்றும் சொன்னாள். அது எனக்குப் பிடிக்கவே இல்லை. "முதல்ல ரெண்டு உருண்டையும் ஒண்ணுதான், மருந்தால ஒரு பலனும் இல்லைன்னு வச்சுக்கிட்டுத்தான் ஆயா தொடங்கணும்" என்றாள். நீ செய்ததை நீயே நம்பாமலா தொடங்குவாய் என்று கேட்டேன். சிரித்தாள். ஒருவனைப் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் நிறுத்தினால் அவன் திருடவில்லை என்று வைத்துக்கொண்டுதானே விசாரிக்க வேண்டும், சாட்சி போதுமான அளவு இருந்தால்தானே திருடன் என்று சொல்ல வேண்டும், அதுமாதிரி என்றாள். எந்தப் போலீஸ் ஸ்டேஷனை அவள் பார்த்தாளோ.

பொன்மாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்காகத்தான் இப்போது போய்க்கொண்டிருக்கிறேன்.

நாலு வயதுப் பிள்ளை. அம்மா சண்முகக்கனி தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறாள், என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுவாள். தகப்பன் திருப்பூரில் இருக்கிறான், போன் மட்டும் வரும். அந்தப் பிள்ளை பல்பம் தின்னும். எல்லாப் பிள்ளையும்தான் பல்பத்தைக் கடிக்கும் என்பீர்கள். இது அப்படி இல்லை. பக்கத்துப் பிள்ளையிடம் பிடுங்கித் தின்னும். பல்பம் கிடைக்காவிட்டால் சுவரில் சுண்ணாம்பைச் சுரண்டும். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளுத்துக் கிடக்கும். முதல் நாள் விரலில் குத்தி ரத்தத்தின் அளவைப் பார்த்தபோது எட்டு புள்ளி நாலு என்றார்கள். பதினொன்றாவது இருக்க வேண்டுமாம். ஏழுக்குக் கீழே இருந்திருந்தால் ஜெசிந்தாவே அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பாள். எட்டு என்பதால் சீட்டில் சேர்த்துக்கொண்டாள்.

சீட்டில் மஞ்சள் விழுந்தது.

ரித்தீஷ் என்று ஒரு பையன் இருக்கிறான், மளிகைக்கடைக்காரர் பேரன். வீட்டில் தினம் முட்டை. கன்னத்தைத் தொட்டால் விரல் புதையும். அவனுக்குச் சிவப்பு.

முதல் வாரம் நான் ஒன்றும் செய்யவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். சிவப்பு வாங்கின பிள்ளைகளில் ஐந்து பேர் நன்றாகத் தெளிந்துவிட்டார்கள். ஒருத்தி மத்தியானம் படுக்காமல் ஓடிக்கொண்டே இருந்தாள். ஒருவன் இரண்டாம் தடவை சோறு கேட்டான், அதுவரைக்கும் கேட்டதே இல்லை. மஞ்சள் பிள்ளைகள் வாடித்தான் இருந்தார்கள். இரண்டு பேருக்குச் சளி வேறு பிடித்திருந்தது. மற்றச் சிவப்புப் பிள்ளைகள் எப்படி இருந்தார்கள் என்று கேட்கிறீர்களா? அதை யார் கவனித்தார்கள்? இந்த ஐந்து பேர்தான் கண்ணில் பட்டார்கள்.

பிறகு ஒருநாள் இரண்டு காகிதத்தையும் பிரித்து, உருண்டையில் ஓர் ஓரம் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தேன். சிவப்பில் நல்ல கருப்பட்டி மணம். மஞ்சளில் ஏதோ சிக்கு வாடை அடித்தது. ஆணியை நாக்கில் வைத்த மாதிரி இருந்தது. பழைய மாவைப் போட்டு ஒப்புக்கு உருட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். சும்மா கொடுப்பதற்கு இது போதும் என்று உருட்டினது என்று நினைத்தேன்.

அதோடு, ரத்தம் ஊறுவதற்கு மருந்து கொடுக்கிறவர்கள் அதை எந்த நிறக் காகிதத்தில் சுற்றுவார்கள்? நீங்களே சொல்லுங்கள். பீட்ரூட்டைக் கொடு என்கிறார்கள், மாதுளையைக் கொடு என்கிறார்கள். யாராவது மஞ்சளாக இருப்பதைக் கொடு என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? இன்றைக்கும் சொல்கிறேன், அவர்கள் நிறத்தை வைத்திருக்கவே கூடாது. நம்பர் போட்டு வெள்ளைக் காகிதத்தில் சுற்றியிருந்தால் எனக்கு இந்தப் புத்தியே வந்திருக்காது. பாதித் தப்பு அந்தக் காகிதத்தின் மேல்தான்.

அவள் நாலு மாதம் கழித்துக் கண்டுபிடிக்கப்போவதை நான் ஒன்பது நாளில் கண்டுபிடித்துவிட்டேன். பத்தாம் நாள் மாற்றினேன்.

கூட ஒன்று கொடுக்க வழி இல்லை. தின்று முடித்ததும் காகிதத்தை டீச்சர் திரும்ப வாங்கி எண்ணுவார், இருபத்திரண்டு சிவப்பு, இருபத்திரண்டு மஞ்சள். மாற்றத்தான் முடியும். பொன்மாரிக்கு ரித்தீஷின் சிவப்பு, ரித்தீஷுக்குப் பொன்மாரியின் மஞ்சள். டீச்சர் பேரை வாசித்து டிக் போடுவார், நான் உருண்டையைக் கொடுப்பேன். யாருக்கு எது என்று எனக்கு மனப்பாடம் என்பதால் அவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அது சரியாக நடந்ததும், சோகையாக இருந்த இன்னும் இரண்டு மஞ்சள் பிள்ளைகளை இரண்டு கொழுத்த சிவப்புப் பிள்ளைகளோடு மாற்றினேன். மூன்று ஜோடி. அதற்குமேல் கை வைக்கவில்லை. கொழுத்த பிள்ளை நாலு மாதம் வெறும் மாவு தின்றால் என்ன குறைந்துவிடும்? யாருக்குக் கெடுதல் நினைத்தேன் நான்?

பொன்மாரி அழுதாள். "ஆயா, எனக்கு மஞ்ச" என்று கையை நீட்டிக்கொண்டே நின்றாள். ஒன்பது நாள் பழக்கம், இரண்டு நாளில் மறந்துவிடுவாள் என்று நினைத்தேன். மறக்கவில்லை. ஒரு வாரம் கேட்டாள். ரித்தீஷ் கீழே போட்ட மஞ்சள் காகிதத்தை எடுத்து நக்கினாள். நான் கையைத் தட்டிவிட்டேன். பல்பம் தின்கிற பிள்ளைக்கு நாக்கு கெட்டுப்போயிருக்கிறது, சிக்கு வாடைதான் பிடிக்கிறது என்று டீச்சரிடம்கூடச் சொல்லிச் சிரித்தேன். சிவப்பை நானே பிட்டு வாயில் ஊட்டினேன். துப்பினால் அதட்டினேன். மற்றப் பிள்ளைகளுக்குக் கையில் கொடுத்ததோடு சரி, அவளுக்கு மட்டும் நாலு மாதமும் என் கையால் ஊட்டினேன். ஒருநாள் வேலைக்குப் போகிற வழியில் சண்முகக்கனி அதை வாசலில் நின்று பார்த்தாள். பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

எந்த ஊர் இது, கயத்தாறா? இவ்வளவு சீக்கிரமா வந்துவிட்டது?

அக்டோபர் கடைசியில் மறுபடி எல்லாப் பிள்ளைக்கும் விரலில் குத்திப் பார்த்தார்கள். நவம்பர் கடைசியில் முடிவு சொல்ல ஜெசிந்தா வந்தாள். அதிகாரி அம்மாவும் வந்திருந்தார். பிள்ளைகளின் அம்மாக்கள் பத்துப் பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் டீத் தட்டோடு நின்றேன். ஜெசிந்தா கவரைப் பிளேடால் கீறி, உள்ளே இருந்த தாளை எடுத்துப் பார்த்தாள்.

"மஞ்சள்லதான் மருந்து."

அவ்வளவுதான் சொன்னாள். சாதாரணமாகச் சொன்னாள். டீ ஆறுகிறது ஆயா என்று டீச்சர் சொன்னார். அந்த ஆணி வாடைதான் மருந்து என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. அந்தப் பிள்ளை கை நீட்டியது அதற்குத்தான். அதன் உடம்பு கேட்டிருக்கிறது. எனக்குத் தெரியாதது நாலு வயதுப் பிள்ளையின் நாக்குக்குத் தெரிந்திருக்கிறது.

அதற்குப் பிறகு அவர்கள் பேசினதை எல்லாம் நான் பாதிதான் கேட்டேன். மஞ்சள் பிள்ளைகளுக்குச் சிவப்புப் பிள்ளைகளைவிட ரத்தம் ஏறித்தான் இருக்கிறதாம். ஆனால் மருந்துக்குப் பலனே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், சீட்டு விழுந்த விதத்தால் மட்டுமே இவ்வளவு வித்தியாசம் நூற்றுக்கு ஏழு தடவை வந்துவிடுமாம். நூற்றுக்கு ஐந்துக்குள் வந்தால்தான் பலன் இருக்கிறது என்று சொல்வேன் என்று அவள் தொடங்கும் முன்பே எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

"அப்போ பலன் இல்லை" என்றார் அதிகாரி அம்மா.

"பலன் இல்லைன்னு நான் சொல்லலை மேடம். இருக்குன்னு சொல்றதுக்கு எனக்குச் சாட்சி போதலை."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா" என்று சொல்லி அவர் பைலை மூடிவிட்டார்.

மூன்று மஞ்சள் பிள்ளைகளுக்கு ஏறவே இல்லை என்று தாளில் தெரிந்ததாம். அந்த மூன்றையும் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பாரேன் என்று பிரேமா டீச்சர் ஆதரவாகத்தான் சொன்னார். முடிவைப் பார்த்துவிட்டு ஆளைக் கழிக்கக் கூடாது டீச்சர் என்று ஜெசிந்தா சொல்லிவிட்டாள். அப்படி ஒரு பிள்ளை. யாருக்குத் தெரியப்போகிறது? கழித்திருக்கலாம். கழித்திருந்தால் வட்டாரத்தில் இருக்கிற எண்பது பால்வாடிக்கும் உருண்டை போயிருக்கும். அந்த எண்பது பால்வாடிப் பிள்ளைகளை நான் நினைத்துப் பார்ப்பதில்லை. நினைத்தால் காலையில் எழுந்திருக்க முடியாது.

எல்லோரும் போன பிறகு அவள் அடுப்படிக்கு வந்தாள். நான் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். கையில் பேர்ப் பட்டியல். அதில் ஆறு பேரைப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தாள். ஆறும் என் ஆறு பேர்.

"ஆயா, இந்த மூணு பிள்ளைக்கு ஏறவே இல்ல. சிவப்புல இந்த மூணு பிள்ளைக்கு எக்கச்சக்கமா ஏறியிருக்கு. கொடுக்கும்போது எங்கயாவது மாறிப்போச்சா? மாறியிருந்தாச் சொல்லுங்க. நான் யார்கிட்டயும் உங்களை விட்டுக்கொடுக்க மாட்டேன். எனக்குத் தெரிஞ்சா போதும்."

அப்போது சொல்லியிருக்கலாம். அவள் கேட்ட விதத்துக்கு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கோபப்பட்டேன். எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது அம்மா. ஈரக் கையைத் தலையில் வைத்தேன்.

"என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுதேன். பத்தொன்பது வருசமா என்னை ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்டதில்ல. நேத்து வந்த பிள்ளை என்னைச் சந்தேகப்படுதியே."

அவள் முகம் சுருங்கிவிட்டது. "சாரி ஆயா. நீங்க சொன்னாச் சரி" என்றாள். பையிலிருந்து ரப்பரை எடுத்து அந்த ஆறு வட்டத்தையும் என் கண் முன்னாலேயே அழித்தாள். அழித்துவிட்டு, மிச்சம் இருந்த டம்ளரை வாங்கிக் கழுவிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்கும். ரிட்டயர் ஆக இன்னும் ஒன்பது வருஷம் இருக்கிறது எனக்கு. அதை நீங்கள் ஒத்துக்கொள்கிறீர்களா? ஒத்துக்கொள்ள வேண்டாம். சும்மா சொன்னேன்.

மறுவாரமே சிவப்புப் பட்டியல் பிள்ளைகளுக்கு மருந்து உருண்டை வந்தது. சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினாள். அதில் ரித்தீஷ் பேர் இருந்தது. பொன்மாரி பேர் இல்லை. அவள்தான் நாலு மாதம் மருந்து தின்று முடித்தவள் ஆயிற்றே. பொன்மாரிக்கு இரண்டாம் தடவை பார்த்ததில் ஏழு புள்ளி ஆறு. அந்த வாரமே காய்ச்சல் வந்தது. சோற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்து தூங்கினாள். உதடு வெளுத்துவிட்டது. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள்.

அது போதாது என்றால் இதைக் கேளுங்கள். பெரிய டாக்டர் பிள்ளையின் அட்டையை வாங்கிப் பார்த்திருக்கிறார். அதில் ஜெசிந்தாவின் தாளை நான்தான் ஒட்டி வைத்திருந்தேன். நாலு மாதம் இரும்பு மருந்து, ஒரு நாள் தவறாமல் டிக். அவர் அதைப் பார்த்துவிட்டு, நாலு மாதம் மருந்து கொடுத்தும் ஏறவில்லை என்றால் இது சாதாரணச் சோகை இல்லை, எலும்புக்குள் ரத்தம் ஊறுகிற இடத்திலேயே கோளாறு இருக்கலாம், இடுப்பெலும்பில் ஊசி போட்டு எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அந்த ஊசி என் சுண்டுவிரல் நீளம் இருக்குமாம். வேறு ஏதேதோ நோயின் பேரெல்லாம் சொன்னாராம். ஒரு தாளைப் பார்த்துவிட்டா இவ்வளவு பெரிய முடிவு செய்வார்கள்? பிள்ளையின் கண்ணைப் பார்க்க வேண்டாமா?

நேற்றுச் சாயங்காலம் சண்முகக்கனி போன் செய்தாள். நாளை மறுநாள் ஊசி என்றாள். "உங்க கையால ஊட்டினீகளே சித்தி. அப்படி ஊட்டியும் என் பிள்ளைக்கு ஒட்டலையே" என்று அழுதாள். நாளைக்கு வாரேன் என்று மட்டும் சொன்னேன். இன்றைக்குக் காலையில் கோவில்பட்டியில் இரண்டு பஸ்ஸை விட்டேன். ஒன்றில் கூட்டம். ஒன்றில் கூட்டம் இல்லை.

ஜெசிந்தாவிடமும் சொல்ல வேண்டும், தெரியும். அந்த ரப்பரை நினைத்தால் அவள் முகத்தில் விழிக்க முடியவில்லை. முதலில் இது. கனியை வெளியே கூப்பிட்டு, உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மெதுவாகச் சொல்ல வேண்டும். நல்லதை நினைத்துத்தான் செய்தேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும், மாற்றினதை அதற்குப் பிறகு சொல்ல வேண்டும். அந்த வரிசையில் சொன்னால் புரிந்துகொள்வாள். இல்லையா?

இருங்கள், போன் அடிக்கிறது. அவள்தான்.

"சொல்லுட்டி... ஆமா, பஸ்லதான் இருக்கேன், கயத்தாறு தாண்டியாச்சு... இன்னைக்கா? நாளைக்குன்னுதான சொன்ன... கையெழுத்தா?"

கையெழுத்துப் போடவா சித்தி என்று கேட்கிறாள் அம்மா. ஊசி போடுகிற டாக்டருக்கு இன்றைக்கே நேரம் கிடைத்துவிட்டதாம், பிள்ளையை உள்ளே கொண்டுபோகப் போகிறார்களாம். நர்ஸ் தாளையும் பேனாவையும் கொடுத்துவிட்டு நிற்கிறாராம். நீங்க சொன்னாப் போடுதேன் என்கிறாள். என்னைக் கேட்கிறாள்.

"கனி. பேனாவைக் கீழ வையி. வச்சிட்டியா? நான் சொல்லுததை அப்படியே டாக்டர்ட்ட போய்ச் சொல்லு. பிள்ளை அந்த மருந்தைத் திங்கவே இல்ல... ஒன்பது நாள் தின்னா. அதுக்கப்புறம் ஒரு நாள்கூடத் திங்கல. தாள்ல இருக்கது தப்பு... நான் மாத்திட்டேன்... நான்தான். டீச்சருக்குத் தெரியாது, அந்த ஜெசிந்தாப் பிள்ளைக்கும் தெரியாது. வெறும் மாவைத்தான் ஊட்டிக்கிட்டு இருந்தேன், நாலு மாசமும்... கனி? கனி, இருக்கியா?"

பின்னால் யாரோ பேர் கூப்பிடுகிற சத்தம் மட்டும் கேட்கிறது.

"கனி... இல்லட்டி, அப்படி நான் சொல்லல. ஒண்ணுமே இல்லைன்னு நான் சொல்லல. எனக்குத் தெரியாது. திங்கலைங்கிறது மட்டுந்தான் எனக்குத் தெரியும். மிச்சத்தை டாக்டர்தான் பாத்துச் சொல்லணும்... அழாத... என்னை எதுக்குட்டி அப்படிச் சொல்லுத? கனி, கேளு, நான் சொல்லுததை முழுசாக் கேளு..."

வைத்துவிட்டாள். டாக்டரைத் தேடி ஓடுகிறாள்.

திட்டவில்லை. என்னென்ன சொல்லித் திட்டுவாள் என்று நேற்றிலிருந்து நானே எனக்குச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். ஒன்றையும் சொல்லவில்லை. "அப்போ என் பிள்ளைக்கு எலும்புல கோளாறு இல்லையா சித்தி? மருந்து திங்காததுனாலதான் ஏறலையா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழுகிறாள், சந்தோஷத்தில் அழுகிறாள். நீங்க நல்லா இருக்கணும் சித்தி என்கிறாள்.

நான் சொன்னதில் பாதிதான் அவள் காதில் விழுந்திருக்கிறது. பிள்ளை மருந்து தின்னவில்லை என்பது விழுந்துவிட்டது. மாற்றி ஊட்டினது யார் என்பது இன்னும் விழவில்லை. இப்போது டாக்டரிடம் போய் நிற்பாள். ஏன் தின்னவில்லை, யார் மாற்றினது என்று அவர் கேட்பார். அவள் தன் வாயால் என் பேரைச் சொல்வாள். வாசலில் நின்று பார்த்தாளே, அது அப்போது அவளுக்கு ஞாபகம் வரும்.

நான் போய்ச் சேர இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது. அவளுக்கு அவ்வளவு நேரம் தேவைப்படாது.

இல்லை அம்மா, நீங்கள் காலை ஒதுக்க வேண்டாம். நான் இறங்கவில்லை. சும்மாதான் எழுந்து நின்றேன்.